பதினோரு பிரஷ்களுக்கு நன்றி

பினாங்கு சொந்தங்களுக்கு வணக்கம்.

நேற்று முன்தினம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வலது கை பென்சிலைப் பிடிக்கிறது. பிரஷ் பிடிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்கிறார்கள். சந்தில் சுவரோவியம் வரைந்துகொண்டிருந்தபோது எனக்கு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்ப எழுத மனம் வரவில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்கிறாள்.

முதலில் ஒருவருக்குச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றதெல்லாம் ஓடாது.

காளைகள் பூட்டிய வெள்ளி ரதத்தை நான் சுவரில் வரைந்துகொண்டிருந்த சந்தின் முனையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கிற மக்சிக்கை, அந்த மலாய்க்கார அம்மாவை, பலருக்குத் தெரியும். பெயரைப் போட்டால் கூச்சப்படுவார், போடவில்லை. எங்கள் இருவருக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. காலையில் நான் எனாமல் சாய டின்னைத் திறந்தால், சாயத்தைக் கரைக்கிற தின்னர் வாடை அவருடைய மேசை வரைக்கும் போகும். பசியாற வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டு தடவை வந்து என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். நியாயம் அவர் பக்கம்தான். பத்து மணிக்கு மேல்தான் எனாமலைத் தொடுவேன் என்று ஒத்துக்கொண்டேன். அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சே இல்லை.

அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனபோது பிரஷ்கள் மைலோ டின்னில் அப்படியே நின்றன. மொத்தம் பதினொன்று. சாயம் ஏறிய பிரஷை ஒரு ராத்திரி கழுவாமல் விட்டால் மறுநாள் அது வெறும் குச்சி. அதில் ஒன்று அணில் முடி பிரஷ், எழுத்தின் ஓரம் இழுப்பதற்கு. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கடையை மூடிய அன்று என் சட்டைப் பையில் செருகிவிட்டது. மருத்துவமனையில் கொஞ்சம் நினைவு தெளிந்ததும் அந்த டின்தான் கண்ணுக்குள் நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. உயிருக்கு எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது பிரஷைப் பற்றி எப்படிக் கேட்பது?

நேற்றுக் காலை மகன் காடியில் அந்தப் பக்கம் கூட்டிப்போனான். சுவரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போனோம். மக்சிக் கடையை விட்டு வேகமாக வந்து, சன்னல் வழியாக ஒரு பையை என் மடியில் வைத்தார். உள்ளே நாசி லெமாக் கட்டுகிற பழுப்புத் தாளில் நீளநீளமாக மூன்று பொட்டலம், ரப்பர் வளையம் போட்டு. சாப்பிடத்தான் கொடுக்கிறார் என்று நினைத்தேன். பிரித்தால் தேங்காய் எண்ணெய் வாசம். என் பதினோரு பிரஷ்களும் இருந்தன. குழந்தைக்குத் தலை சீவினது மாதிரி ஒவ்வொன்றின் முடியையும் நீவி, நுனி கூராக்கி வைத்திருந்தார். அணில் முடி பிரஷை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தேன். வளைந்து நிமிர்ந்தது.

அன்றைக்கே டின்னைத் தூக்கிக்கொண்டு ஹார்டுவேர் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) போய், எப்படிக் கழுவுவது என்று கேட்டிருக்கிறார். முதலில் தின்னர், பிறகு சோப்பு என்று அவர் சொல்லிக்கொடுத்தாராம். எண்ணெய் மட்டும் மக்சிக்கின் சொந்த யோசனை. காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் வாரம் ஒரு தடவை எடுத்துத் தடவியிருக்கிறார், ஏழு வாரமும். தின்னர் வாடை ஆகாத மனுஷி தின்னரில் கையை நனைத்திருக்கிறார், அதுவும் என் பிரஷுக்காக.

ஏன் என்று கேட்டேன். "சயாங்லா, அண்ணே" என்றார். மலாயில் வீணாகப் போகிறதே என்பதற்கும் அதே சொல், பாசம் என்பதற்கும் அதே சொல். அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. என்னால் பேச முடியவில்லை.

ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்ததெல்லாம் இப்படித்தான் வந்திருக்கிறது. 1978-இல், பதினான்கு வயதில், டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் பெயர்ப்பலகை எழுதுகிற ஒரு போர்டு கடையில் டின் கழுவச் சேர்ந்தேன். முதலில் என்னை நம்பிக் கொடுத்தது லோரிக் கதவு. முதலாளியின் பெயர், வெறும் லோரி எத்தனை கிலோ, சுமையோடு எத்தனை கிலோ, எல்லாம் கையால் எழுத வேண்டும். கோணினால் துடைத்துவிட்டு மறுபடியும். சீன எழுத்தில் எந்தக் கோடு முதலில், எது அப்புறம் என்று பக்கத்து மருந்துக்கடைத் தாத்தா காட்டினார். நிறத்தைக் கற்றது அம்மாவின் கோலத்திலும் லெபோ குயின் தெருப் பூக்கடைகளிலும்தான். சாமந்தி மஞ்சளுக்குப் பக்கத்தில் அரளிச் சிவப்பை வைத்தால் இரண்டும் ஏன் எரிகின்றன என்று அங்கே நின்றுதான் புரிந்துகொண்டேன். லெபோ லீத்தில் சியோங் ஃபாட் சே மாளிகையின் நீலம் இருக்கிறதே, அது சுண்ணாம்பில் அவுரி கலந்து பூசியது. பழைய சுவர் மூச்சு விட வேண்டும், மேலே எமல்ஷனைப் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி உரிந்து விழும் என்று ஒரு கொத்தனார் அண்ணன் எனக்குச் சொன்னதும் ஏதோ ஒரு சுவரடியில்தான்.

தொண்ணூறுகளில் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வந்தது. கடை போனது, பிறகு வீட்டுக்குச் சாயம் அடித்துப் பிழைத்தேன். 2012-இல் லிதுவேனியாவிலிருந்து வந்த எர்னஸ்ட் சக்காரெவிச் லெபோ ஆர்மேனியனில் ஒரு பழைய சைக்கிளைச் சுவரோடு பொருத்தி, அதில் இரண்டு பிள்ளைகளை வரைந்து உட்கார வைத்தார். அதன் முன்னால் ஒரு மத்தியானம் முழுக்க நின்றேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு. நம் ஆட்களை யார் வரைவது என்று அன்றைக்கு உள்ளே ஒரு கேள்வி விழுந்தது. அதிலிருந்துதான் பூக்கட்டும் அக்கா, சலவைக்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தா எல்லோரும் உங்கள் சந்துச் சுவர்களுக்கு வந்தார்கள்.

சரி, மற்றவர்களுக்கு. முதல் ராத்திரி தூங்காமல் கூட இருந்த கோயில் இளைஞர்கள், வெள்ளி (ரிங்கிட்) சேர்த்துக் கொடுத்த லோரிக்காரத் தம்பிகள், மழையில் சுவர் நனையக்கூடாது என்று கித்தான் கட்டியவர் (யார் என்று இன்னும் தெரியவில்லை, தயவுசெய்து வந்து சொல்லுங்கள்), என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கப் பழக்கிய தாதி, காளைக்கு ஐந்து கால் போட்டு அட்டை அனுப்பிய தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், எல்லோருக்கும் தலை வணங்குகிறேன். கொடுத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் மகள் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள்.

ரதம் முடியும். 1894-இலிருந்து தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற அந்த வெள்ளி ரதத்தை நான் பாதியில் நிறுத்தப் போவதில்லை. காளைகளின் கண்கள் மட்டும்தான் பாக்கி. கண்ணைக் கடைசியில் திறப்பதுதானே நம் வழக்கம். தைப்பூசத்துக்குள் திறந்துவிடுவேன்.

பிரஷில் எண்ணெய் இருந்தால் சாயம் பிடிக்காது, அதனால் பத்து பிரஷைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். ஒன்றை மட்டும் அந்த வாசத்தோடு அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மக்சிக் கடையில் தொங்குகிற அச்சுப் பலகையில் சிவப்பெல்லாம் வெயிலில் வெளுத்து, சம்பலும் முட்டையும் நீலமாகத் தெரிகின்றன. அளவெடுக்க மகன் நாளைக்குப் போகிறான். கை தேறியதும் நான் தொடும் முதல் பலகை அதுதான். வீட்டிலேயே எழுதி, தின்னர் வாடை முழுக்கப் போகும்வரை காயவைத்துத்தான் கொண்டுபோய் மாட்டுவேன்.