கஸ்தூரி என்று எழுதினால் எந்தக் கஸ்தூரி என்றும் எழுதுங்கள்

இயற்கை வாசனைத் திரவியம் தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் குப்பிகளில் ‘தாவரக் கஸ்தூரி எண்ணெய்’, ‘முழுக்க முழுக்க இயற்கை’ என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எந்தச் செடி என்பது மட்டும் பல குப்பிகளில் இல்லை. வீட்டில் சிறிய அளவில் அத்தர் கலக்குகிறவள் என்ற முறையில் அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

கஸ்தூரி வாசம் தரும் செடிகள் அதிகமில்லை. முதலில் நிற்பது கஸ்தூரி வெண்டை, தாவரவியலில் அபெல்மோஸ்கஸ் மோஸ்கேட்டஸ். நாம் சமைக்கும் வெண்டைக்கு நெருங்கிய சொந்தம். பூ மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. ஆனால் நமக்கு வேண்டிய வாசம் சிறுநீரக வடிவிலுள்ள சின்ன விதையின் மேல்தோலில்தான் இருக்கிறது. வடநாட்டு அத்தர்காரர்கள் இந்த விதையை முஷ்க்தானா என்பார்கள். அடுத்து ஏஞ்சலிகா என்ற மூலிகைச் செடியின் வேரைச் சொல்லலாம். அதில் கஸ்தூரி ஓரளவுக்குத்தான்.

விதை வாசம் மான் கஸ்தூரியை ஒத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மான் கஸ்தூரிக்கு வாசம் தரும் மஸ்கோன் என்ற பொருள் பெரிய வளைய வடிவ மூலக்கூறு என்று 1926-இல் வேதியியலாளர் ருசிக்கா கண்டறிந்தார். மறு ஆண்டே கெர்ஷ்பாம் என்ற இன்னொரு வேதியியலாளர் இந்த விதை எண்ணெயில் ஆம்ப்ரெட்டோலைடு என்ற வாசனைப் பொருளைக் கண்டார். அதுவும் பெரிய வளையம்தான்.

இனி விலைக்கு வருவோம். நூறு கிலோ விதையை நீராவியில் வடித்தால் அரை கிலோ எண்ணெய் கிடைப்பதே பெரிது. விதையை நொறுக்கி வடித்தால் பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பும் சேர்ந்து வந்து, எண்ணெய் வெண்ணெய் மாதிரி உறைந்துவிடும். அந்தக் கொழுப்பைப் பிரித்தால்தான் நல்ல சரக்கு. புதிதாக வடித்ததில் கொழுப்பு வாடை தூக்கலாக இருக்கும். மாதக்கணக்கில் கிடந்த பிறகே பேரிக்காயும் பழைய திராட்சை மதுவும் கலந்தது போன்ற மென்மை வரும். இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை லாவெண்டர் எண்ணெய் விலைக்கு எப்படித் தருகிறீர்கள்? எதில் கலந்தீர்கள், எவ்வளவு என்று சொல்லிவிட்டால் சிக்கலே இல்லை.

உங்களில் சிலர் ‘அசல் மான் கஸ்தூரி’ என்றும் கடைக்குள் கிசுகிசுக்கிறீர்கள். கஸ்தூரி மான் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆக, சொல்வது உண்மையென்றால் குற்றம், பொய்யென்றால் மோசடி.

செயற்கைக் கஸ்தூரி என்றாலே விஷம் என்று சொல்ல வரவில்லை. 1888-இல் ஆல்பர்ட் பௌர் என்ற வேதியியலாளர் வெடிமருந்து ஆராய்ச்சியின் நடுவே தற்செயலாகக் கண்டதிலிருந்து உலகம் அதைப் பூசிக்கொண்டுதான் இருக்கிறது. ஆம்ப்ரெட்டோலைடையே நம் அரக்கிலிருந்து கிடைக்கும் அமிலத்தைக் கொண்டு தயாரிக்க முடியும். ஆனால் ‘மஸ்க் ஆம்ப்ரெட்’ என்ற, நைட்ரோ வகைச் செயற்கைக் கஸ்தூரியின் கதை வேறு. நரம்புக்கும் தோலுக்கும் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் 1995-இல் அழகுப் பொருட்களில் அதைத் தடை செய்தது. விதை எண்ணெய்க்கும் ஆம்ப்ரெட் என்றே பெயர். வெறுமனே அப்படி எழுதினால் வாங்குகிறவர் எதை நம்புவது?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. செடியின் தாவரப் பெயர், விதையா வேரா என்பது, நீராவியில் வடித்ததா கரைப்பானில் பிரித்ததா என்பது, கலப்பு எண்ணெய் இருந்தால் அதன் பெயரும் விகிதமும். இத்தனையும் நாலு வரிக்குள் அடங்கும். செயற்கை மூலக்கூறு இருந்தால் அதையும் எழுதுங்கள். தெரிந்தே வாங்க ஆள் இருக்கிறார்கள், நானும் சில சமயம் வாங்குவேன். அப்புறம், மொத்தமாக வாங்குவோர் கேட்டால் அந்தத் தொகுதியின் வாயு நிறப்பகுப்பு அறிக்கையை, அதாவது எண்ணெயில் என்னென்ன பொருட்கள் இருக்கின்றன என்று காட்டும் ஆய்வக அறிக்கையை, காட்டுங்கள். விதை எண்ணெய் என்றால் ஆம்ப்ரெட்டோலைடும், அந்த எண்ணெயிலுள்ள இன்னொரு பொருளான ஃபார்னெசில் அசிடேட்டும் அதில் தெரிய வேண்டும். விலையைக் கூட்ட வேண்டுமென்றால் கூட்டுங்கள், அதில் எனக்குத் தகராறு இல்லை.

இப்படிக்கு,
உங்களிடம் வாங்கும் ஒருத்தி