ஏரியை விட்டு எழுபது தப்படி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உயர்ந்த மலை ஏரிக்கு முதுகுப்பையோடு நடந்து போவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். பையில் எடையை எப்படிக் குறைப்பது, அவசரமாக உயரம் ஏறினால் தலைவலியும் குமட்டலும் ஏன் வருகின்றன என்றெல்லாம் பொறுமையாக விளக்கியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் கூடவே அச்சான படம் என் மனதை உறுத்துகிறது. கை நீட்டினால் தண்ணீரைத் தொடலாம், அத்தனை கிட்டத்தில், கரைப் புல்லின் மேல் கூடாரம்! முதல்முறை மலைக்குக் கிளம்பும் ஒருவர் கட்டுரையை மறந்தாலும் அந்தப் படத்தை மறக்க மாட்டார். அதே மாதிரிதான் தானும் டென்ட் போடுவார்.

ஏரியிலிருந்து குறைந்தது 200 அடி, அதாவது 60 மீட்டர் தள்ளித் தங்க வேண்டும் என்பது மலையேறுபவர்கள் பரவலாகக் கடைப்பிடிக்கும் நெறி. பெரியவர் நடையில் ஏறத்தாழ 70 தப்படி. அமெரிக்காவின் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகள் பலவற்றில், தூரம் கொஞ்சம் கூடக் குறைய, இது விதியாகவே இருக்கிறது.

காரணம் அந்த ஏரிகளின் இயல்பு. பெரும்பாலும் பனியாறு குடைந்த பாறைக் குழிகளில் தேங்கிய நீர் அது. வருடத்தில் பல மாதங்கள் உறைந்து கிடக்கும். சுற்றிலும் மண் குறைவு, நீரில் சத்தும் குறைவு. பாசி வளர வழியில்லாததால்தான் அடித்தரை வரை தெளிவாகத் தெரிகிறது. அதில் நாம் பாத்திரம் கழுவினால், சோப்பு போட்டுக் குளித்தால், கரையோரம் காலைக்கடன் கழித்தால், அத்தனையும் பாசிக்கு உரமாகும். மக்கும் சோப்புதானே என்று சிலர் சொல்வதுண்டு. அதுவும் மண்ணில்தான் ஒழுங்காக மக்கும். தண்ணீரை மொண்டுகொண்டு தள்ளிப் போய்க் கழுவி, மண்ணில் ஊற்றிவிட வேண்டியதுதான். கரைப் புல்லும் அப்படித்தான், அதற்கு வளரக் கிடைப்பது சில வாரக் கோடை மட்டும். மிதிபட்டு வழுக்கையான இடம் மீண்டும் பச்சை பிடிக்கப் பல வருடங்கள் ஆகும்.

மனிதர்கள் நல்லெண்ணத்தோடு செய்ததே இப்படிப்பட்ட ஏரிகளை எவ்வளவு தூரம் மாற்றிவிடும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடர் சாட்சி. அங்கே உயரத்தில் உள்ள பெரும்பாலான ஏரிகளில் ஆதியில் மீனே கிடையாது. தூண்டில் போட வருபவர்களுக்காக 19ஆம் நூற்றாண்டிலிருந்து டிரவுட் மீன்களைக் கொண்டுபோய் விட்டார்கள். பிற்பாடு விமானத்திலிருந்தே குஞ்சுகளைக் கொட்டினார்கள். அந்த ஏரிகளில் மஞ்சள் கால் தவளை என்று ஒரு இனம் உண்டு. குளிர் காரணமாக அதன் தலைப்பிரட்டை தவளையாக மாறவே சில வருடங்கள் பிடிக்கும். ஆகவே அடி வரை உறையாத ஆழமான ஏரி அதற்கு வேண்டும். மீனுக்கும் அதே ஏரிதான் வேண்டும். மீன் தின்று தீர்த்தது போக, கைட்ரிட் என்ற பூஞ்சை நோயும் சேர்ந்துகொண்டது. பழைய இருப்பிடங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அந்தத் தவளை மறைந்துபோய், 2014இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சில ஏரிகளில் வலை போட்டு மீன்களை அகற்றியதும், சில வருடங்களிலேயே தவளைகள் பெருகத் தொடங்கின. அதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. நாம் விலகிக்கொண்டால் ஏரி தேறிக்கொள்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரையோரம் தூங்குவதில் சுகமும் இல்லை. காற்றடங்கிய இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி ஏரிப் பள்ளத்தில்தான் தேங்கும். விடிந்து பார்த்தால் கூடாரத்தின் உட்புறமெல்லாம் ஈரம். கோடையில் கொசு வேறு. கொஞ்சம் மேடான, புல்லில்லாத காய்ந்த தரைதான் உடம்புக்கும் நல்லது.

கழிப்பிடம் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கூச்சப்படாமல் எழுத வேண்டிய விஷயம் அது. அதே 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். தோண்ட மண்ணே இல்லாத பாறை உயரங்களில் அதற்கென்று விற்கும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். அமெரிக்காவின் விட்னி மலையில் இது கட்டாயம்.

அடுத்த முறை மலை ஏரி பற்றி எழுதும்போது, கூடாரம் தள்ளி நிற்கும் படமாகத் தேடிப் போடுங்கள். கிடைக்காவிட்டால், எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று படத்தின் கீழே ஒரு வரியாவது சேருங்கள்.

இப்படிக்கு,
மலை நடையில் ஆர்வமுள்ள ஒரு வாசகர்