தொலைபேசிக் கம்பியை நம்பியிருக்கும் கடைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டன் ஹரோப் பகுதியில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பலசரக்குக் கடை நடத்திவருபவன் நான். நம்மவர்களின் கடைகள், பெற்றோல் நிலையங்கள், கோயில்கள், மண்டபங்கள் என எல்லா இடங்களையும் தொடப்போகும் ஒரு மாற்றத்தைப் பற்றித் தங்கள் பத்திரிகை வழியாகச் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். செப்புக் கம்பியில் ஓடும் பிரித்தானியாவின் பழைய தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரி 31ஆம் திகதிக்குள் மூடிவிட்டு, அழைப்புகளை இணையத்தின் வழியாகக் கொண்டுபோவதென்று முடிவாகியிருக்கிறது. முதலில் 2025 டிசம்பர் என்றிருந்த கெடுவை 2024 மே மாதத்தில் நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனமான பி.ரி. தள்ளிவைத்தது. அதைக் கேள்விப்பட்ட நம் கடைக்காரர் பலர், இன்னொரு தடவையும் தள்ளிவைக்கத்தானே போகிறார்கள் என்று எண்ணி, வந்த கடிதங்களைக் காசுப்பெட்டிக்கு அடியில் செருகிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கிறார்கள். நானும் அப்படிச் செருகி வைத்தவன்தான்.

அன்று தவணை கொடுத்தது கடைக்காரரை மனத்தில் வைத்து அல்ல. தனியாக வாழும் முதியோர் கழுத்தில் அணிந்திருக்கும் அவசர உதவிப் பொத்தான்கள், இணைப்பு மாற்றியபின் வேலை செய்யாமற்போன பாரதூரமான சம்பவங்கள் 2023இல் வெளிவந்தன. அத்தகையோரைப் பாதுகாப்பாக மாற்றுவதற்கே அந்தக் கூடுதற் காலம். வலையமைப்போ ஏற்கெனவே சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. 2023 செப்டம்பர் முதல் நாடு முழுவதும் பழைய வகைப் புதிய இணைப்பு விற்பதே நிறுத்தப்பட்டுவிட்டது.

வருகிற கடிதங்களில் நான் காணும் குறை என்னவென்றால், அவை தொலைபேசியைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. உண்மையில் தொலைபேசியை மாற்றுவது மிகச் சுலபம். என் கடையில் அரை மணி நேரம் கூடப் பிடிக்கவில்லை. சுவரில் இருந்த இணைப்பைக் கழற்றி, இணையம் தரும் ரவுட்டர் பெட்டியின் பின்புறம் செருகினார்கள். அதே இலக்கம், அதே கருவி, குரல் முன்பைவிடத் தெளிவு. இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

இருபத்து மூன்று நாள் கழித்து, களவு அலாரத்தின் வருடாந்தப் பரிசோதனைக்கு ஒருவர் வந்தார். பின்கதவருகே இருக்கும் அலாரப் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்ததையும், நிமிடத்துக்கு ஒருமுறை அது மெல்லக் கீச்சிட்டதையும் அவர்தான் எனக்குக் காட்டினார். என் மனைவி இரண்டு தடவை சொல்லியிருந்தாள். உறைபெட்டிகளின் இரைச்சலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு இருவருமாகக் கம்பியைத் தொடர்ந்து போனோம். அது காசுமேசைக்குக் கீழிருந்து புறப்பட்டு, பருப்புத் தட்டுகளுக்குப் பின்னால் ஏறி, பொய்க்கூரைக்கு மேலாக ஓடி, இரண்டு தடவை சுவரோடு சேர்த்து வர்ணம் பூசப்பட்டிருந்த ஒரு சிறிய பெட்டியில் போய் முடிந்தது. கதவு உடைக்கப்பட்டால் கண்காணிப்பு நிலையத்துக்குத் தானாகவே அழைப்பெடுக்கும் பெட்டி அது. அது தொங்கிக்கொண்டிருந்த பழைய இணைப்பு இறந்துபோனதால், இருபத்து மூன்று இரவுகள் என் கடையின் அலாரம் தெருவுக்கு மட்டுமே கத்தக்கூடியதாக இருந்திருக்கிறது. காப்புறுதிப் பத்திரத்தை அன்றிரவே எடுத்துப் படித்தேன். அலாரம் கண்காணிப்பு நிலையத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை.

தொலைபேசி நிறுவனம், தன் பொறுப்பு தொலைபேசியோடு முடிந்தது என்றது. அலாரம் நிறுவனம், இணைப்பை மாற்றப்போவதை நீங்கள் எங்களுக்கு அறிவிக்கவில்லையே என்றது. கோபம் அடங்கிய பிறகு யோசித்தால், இரண்டு பேர் சொன்னதும் சரிதான். எந்தக் கம்பியில் என்னென்ன தொங்குகின்றன என்பதை அறிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் கடைக்காரர். ஆகவே தொலைபேசி நிறுவனத்துக்கு அழைப்பெடுப்பதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கடையைப் பூட்டிவிட்டு, கையில் விளக்கோடு ஒவ்வொரு தொலைபேசிச் செருகியிலிருந்தும் கம்பி எங்கே போகிறது என்று நடந்து பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

அப்படி நடந்து பார்த்தால் வியப்பான பொருட்கள் கிடைக்கும். பழைய வகை வங்கி அட்டை இயந்திரம், தீயணைப்பு அலாரம், குளிரறையின் வெப்பநிலை ஏறினால் உரிமையாளருக்கு அழைப்பெடுக்கும் கருவி, மேல்மாடிக் குடியிருப்பின் வாசற்கதவுப் பேசி, கணக்காளர் அலுவலகங்களில் இன்னும் ஓய்வுபெறாத தொலைநகல் இயந்திரம் ஆகியவை எல்லாம் அந்த ஒரே கம்பியில் இருக்கலாம். இவற்றுள் மண்டபம் நடத்துவோர் முதலில் பார்க்க வேண்டியது மின்தூக்கியை. உள்ளே சிக்கியவர் அழுத்தும் அவசரப் பொத்தான் பல கட்டடங்களில் பழைய தொலைபேசி இணைப்பின் வழியாகவே வெளியே பேசுகிறது. திருமண நாளன்று மேல்மாடிக்குப் போகும் மின்தூக்கி நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் பாட்டிக்குப் பதில் சொல்ல யாரும் இல்லாத நிலை வரலாம். வாடகைக் கட்டடமானால் மின்தூக்கியும் தீ அலாரமும் யார் பொறுப்பு என்பதையும் குத்தகைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் இன்னொரு விடயம். பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம், ஏறக்குறைய 50 வோல்ட், தொலைபேசி நிலையத்தின் பற்றரிகளிலிருந்து அதே செப்புக் கம்பியில் வந்தது. ஊரே இருண்டாலும் கம்பியுள்ள கருவி வேலை செய்ததன் இரகசியம் அதுதான். புதிய முறையில் கடையில் மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும், அதோடு தொலைபேசியும் போகும். தரைவழித் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்போருக்கு, மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர இலக்கமான 999ஐ அழைக்க நிறுவனங்கள் வழிசெய்து கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்கொம் விதித்திருக்கிறது. கைப்பேசி எடுபடும் இடத்தில் இருக்கும் கடைக்காரர் அதை எதிர்பார்த்திருக்கக் கூடாது. தாமே ஒரு பற்றரிப் பெட்டி வாங்கி வைப்பது நல்லது. ஒளியிழை இணைப்பு உள்ளவர்கள் ரவுட்டரை மட்டும் அதில் செருகிவிட்டு இருந்துவிடுகிறார்கள். சுவரில் ஒளியிழை வந்து சேரும் சிறு பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். அதையும் அதே பற்றரியில் செருகினால்தான் பயன்.

இலக்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெயர்ப்பலகையிலும் பைகளிலும் வருடா வருடம் நாம் இலவசமாகக் கொடுக்கும் தினக்காட்டியிலும் அச்சாகியிருப்பது அந்த இலக்கந்தான். வேறு நிறுவனத்துக்குப் போக விரும்புவோர் பழைய இணைப்பைத் தாமே முதலில் நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் இலக்கம் கைவிட்டுப் போகலாம். இலக்கத்தை எடுத்துத் தரும்படி புதிய நிறுவனத்திடம் கேட்டு, அது வந்து சேர்ந்த பிறகே மற்றதைப் பேச வேண்டும். புரோட்பாண்ட் பழைய தொலைபேசி இணைப்பின் மேலேயே ஓடுகிறதென்றால் அதையும் மாற்றியாக வேண்டியிருக்கும்.

இணைய வேகம் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். ஓர் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் அளவே போதும். அது ஒரு பெரிய விடயமல்ல. கண்காணிப்புக் கமராக்கள் படத்தை ஓயாமல் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும் கடைகளில்தான் கடையிலிருந்து இணையத்துக்குப் போகும் வழி நெரிபட்டுக் குரல் துண்டு துண்டாகிறது. குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி ரவுட்டரைச் சரிசெய்யச் சொன்னால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அலாரம் நிறுவனங்கள் இப்போது சிம் அட்டை உள்ள கருவியைப் பொருத்தச் சொல்கின்றன. நானும் பொருத்திவிட்டேன். ஆனால் அது 4ஜியில் இயங்குமா என்று கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம். இந்நாட்டின் 3ஜி சேவை பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டது, 2ஜியும் 2033க்குள் போய்விடும். இதற்கிடையில், உங்கள் தொலைபேசியை டிஜிட்டலாக்க வேண்டும், வங்கி அட்டை இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டு வரும் அழைப்புகளும் பெருகிவிட்டன. அவர்கள் யாரும் தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். வைத்துவிட்டு, மாதப் பற்றுச்சீட்டில் இருக்கும் இலக்கத்துக்கு நாமே அழைத்துக் கேட்பதே வழி.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நிறுவனங்கள் ஆங்கிலத்தில் அனுப்பும் கடிதங்களை நம் முதிய கடைக்காரர்கள் பிள்ளைகள் வந்து படித்துச் சொல்லும்வரை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோ தரைவழித் தொலைபேசியையே பயன்படுத்தாதவர்கள். ஆகவே இந்த விடயத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் தமிழில் வெளியிட்டால், லண்டனின் ரூட்டிங், ஈஸ்ட்ஹாம் பகுதிகளில் இருப்போர் அதை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள். வர்த்தக சங்கங்களும் கோயில் நிருவாக சபைகளும் தம் அடுத்த கூட்டத்தில் இதற்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

என் கடையில் அந்தச் சிறிய பெட்டியைக் கழற்றியாயிற்று. மேல்மாடியின் வாசற்கதவுப் பேசி எந்தக் கம்பியில் ஓடுகிறது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. கட்டட உரிமையாளருக்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டேன், மூன்றாவதை நாளை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பலசரக்குக் கடைக்காரர்,
ஹரோ, லண்டன்.