விஜிக்கு, ஊசி போடுறதுக்கு முன்னாடி

அன்புள்ள விஜி,

தீபாவளிக்கு நீ அனுப்பின முறுக்குக்கே இன்னும் பதில் வரலைன்னு திட்டுவே, திட்டிக்கோ. பாப்பா கல்யாணம் தையிலன்னு கலா அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆக, கணக்கு நேராயிடுச்சு. இங்க எல்லாரும் சௌக்கியம்.

தண்டையார்பேட்டை பார்லர்ல நெத்திக்கு போடாக்ஸ் போட அட்வான்ஸ் கட்டிட்டேன்னு கடைசி வரியில போற போக்குல எழுதியிருக்கியே, அதுக்குத்தான் இந்த அவசரம். ஆசைப்படறதுல தப்பே இல்ல. சம்பந்தியம்மா முன்னாடி சும்மா ஜொலி. ஆனா பார்லர் வேணாம்டி. எம்.டி. தோல் படிச்ச டாக்டர்தான் போடணும்.

அந்த மருந்து நரம்புல இருந்து தசைக்குப் போற சேதியை நிறுத்துது, தசை சுருங்காது, மேல இருக்கிற தோலும் மடியாது. அவ்ளோதான். கோபப்பட்டா புருவ நடுவுல விழுதே ரெண்டு கோடு, அதுக்கு நல்லாக் கேக்கும். முகம் சும்மா இருக்கும்போதும் பதிஞ்சு கிடக்கிற கோடு குறையும், முழுசாப் போகாது. மூக்குல இருந்து வாய் வரைக்கும் இறங்குற கோட்டுக்கு இது இல்ல, பள்ளத்தை நிரப்புற ஃபில்லர்னு வேற ஊசி. அது தவறி ரத்தக் குழாய்ல போனா கண்ணே போயிடலாம். அதைப் பத்தி இப்ப யோசிக்காதே.

புருவ நடுவுக்கு வழக்கமான அளவு 20 யூனிட், அஞ்சு இடத்துல நாலு நாலா. குப்பியில மருந்து தூளா இருக்கும், 100 யூனிட் குப்பியில 2.5 மில்லி சலைன் (உப்புத் தண்ணி) விட்டா 0.1 மில்லியில 4 யூனிட் வரும். அதே குப்பியில 5 மில்லி விட்டா பாதிதான். "நெத்தி முழுசும் இவ்ளோ ரூபா"ன்னு மொத்தமா ரேட் பேசுற இடத்துல இப்படித் தண்ணியைக் கூட்டிடுவாங்களோன்னுதான் பயம். எத்தனை யூனிட்னு கேளு, குப்பியை உன் முன்னாடி ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்துக் காட்டச் சொல்லு. கம்பெனி பேரும் முக்கியம், நான் சொன்னது போடாக்ஸ் கணக்கு, டிஸ்போர்ட்டுன்னு அதே மாதிரி இன்னொரு கம்பெனி மருந்துன்னா அதே இடத்துக்கு 50 யூனிட், ஒண்ணோட கணக்கு இன்னொண்ணுக்கு ஆகாது. புருவத்து வெளிப்பக்கம் குத்துறப்போ எலும்பு விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டராவது மேல இருக்கணும். கீழ இறங்கினா மருந்து இமையைத் தூக்குற தசைக்குப் போயி கண்ணு பாதி மூடிக்கும். வாரக்கணக்குல அப்படியே நிக்கும், மணவறை போட்டோவுல அழகா வரும்!

இனிமே விளையாட்டு இல்ல. சாயங்காலம் ஆனா இமை பாரமாயிடுதுன்னு எழுதியிருக்கியே, அதுதான் என்னை உறுத்துது. முதல்ல ஒண்ணு செஞ்சு பாரு. கண்ணாடி முன்னாடி கண்ணை மூடி நெத்தியைத் தளர விடு. புருவத்தை விரலால அழுத்திப் புடிச்சுக்கிட்டு கண்ணைத் திற. இமை கருவிழியை மறைச்சா, இத்தனை நாளும் நெத்தித் தசையாலதான் கண்ணைத் திறந்து வெச்சிருக்கேன்னு அர்த்தம். புருவத்தைத் தூக்கறது அந்த ஒரே தசைதான். அதுல ஊசி போட்டா கோடு போகும், புருவமும் கூடவே இறங்கும். தூங்கி வழியற மாதிரி தெரிவே, ஸ்கூல்ல நம்ம பி.டி. டீச்சர் வெச்ச பேரு திரும்பவும் உனக்கு நிலைச்சுடும்.

வயசான தோல் தளர்ந்து இமை இறங்கறது சகஜம், அதுவாத்தான் இருக்கும். ஆனா காலையில சரியா இருந்து பொழுது சாயச் சாய இறங்குதா? தையல் மிஷின்ல உக்காந்தா ஊசி ரெண்டா தெரியுதா? சாப்பிடுறப்போ பாதியிலயே தாடை ஓய்ஞ்சு போகுதா? அப்படின்னா மயஸ்தீனியான்னு, தசை சீக்கிரம் ஓய்ஞ்சு போற ஒரு நோய் இருக்குதான்னு பாக்கணும். அந்த நோய் இருந்தா இந்த மருந்து ஆபத்து, முழுங்கறது, மூச்சு விடறது வரைக்கும் தகராறு பண்ணும். எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு முதல்ல போ. ஐஸ் கட்டியை இமை மேல ரெண்டு நிமிஷம் வெச்சு இமை ஏறுதான்னு பாப்பாங்க, அப்புறம் ரத்த டெஸ்ட். இதைச் சொல்லாம எந்த ஊசிக்கும் முகத்தைக் காட்டாதே.

எல்லாம் சரின்னா, முகூர்த்தத்துக்கு ஆறு வாரம் முன்னாடி போட்டுக்க. மூணு நாலு நாள்ல வேலை செய்ய ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்துல முழுசாத் தெரியும். குறை இருந்தா அப்ப சரி பண்ணலாம். மூணு நாலு மாசம் நிக்கும். போட்ட அன்னிக்கு நாலு மணி நேரம் படுக்காதே, முகத்தைத் தேய்க்காதே, ஃபேஷியல் வேற வெச்சுக்காதே. நீ சாப்பிடுற ஆஸ்பிரினை நீயா நிறுத்தாதே, ஊசி குத்தின இடத்துல கொஞ்சம் நீலம் பாஞ்சா பாயட்டும், இதய டாக்டரைக் கேக்காம கை வைக்காதே.

அட்வான்ஸைத் திருப்பிக் கேளு. குடுக்கலைன்னா கலா அக்காவைக் கூட்டிட்டுப் போ, மிச்சத்தை அவங்க பாத்துப்பாங்க. எனக்கு மூணு போட்டோ அனுப்பு: முகம் சும்மா, முறைச்சு, புருவம் தூக்கி. ஜன்னல் வெளிச்சத்துல எடு, பாப்பா போடுற ஃபில்டர் எதுவும் வேணாம். முறைக்கறதுக்கு மாமாவை எதிர்ல நிக்க வை.

உன்,
ஸ்டெல்லா
ராயபுரம்