குஜோவுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஆகஸ்ட் விடுமுறையில் நகோயாவிலிருந்து ஜப்பானின் குஜோ ஹச்சிமான் ஊருக்குப் போய், முன்னோரை நினைக்கும் ஓபோன் காலத்தில் ஆடும் போன் ஒடோரி நடனத்தை ஓரமாக நின்று பார்த்துவிட்டு வரப்போவதாக எழுதியிருந்தாய். போவது மிகவும் நல்லது. ஆனால் ஓரமாக நிற்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம், ஏனெனில் போன் ஒடோரி பார்வையாளருக்காக ஆடப்படும் ஆட்டமன்று.

இங்கே மலேசியாவின் ஷா ஆலாமில் நடக்கும் போன் ஒடோரி விழாவுக்கு நீ சிறுமியாக இருந்தபோது பலகாரக் கடைகளுக்காகவே ஆசைப்பட்டு வருவாய். இங்கே தங்கி வேலை பார்க்கும் ஜப்பானியர்கள் 1977-இல் தொடங்கிய அவ்விழாவில் இப்போது மலாய்க்காரரும் சீனரும் நம்மவருமே பெருங்கூட்டமாக இருக்கிறார்கள். நடுவில் யாகுரா என்னும் மேடை, அதன்மேல் முரசு, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக ஆட்கள். நம் கும்மியைப் போலவே அதிலும் சில அசைவுகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. முன்னால் ஆடுபவரின் கையைப் பார்த்து இரண்டு சுற்றுப் போனால் மூன்றாம் சுற்றில் யாருக்கும் படிந்துவிடும். ஒத்திகை பார்த்து மேடையேறும் கலையாக இருந்திருந்தால் அது கடல் தாண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

அங்கே எல்லோருக்கும் முதலில் பிடிபடுவது தாங்கோ புஷி என்னும் ஆட்டம். ஃபுகுவோகா மாநிலத்தின் தகாவா வட்டாரத்தில் நிலக்கரி பொறுக்கிப் பிரித்த பெண்கள் பாடிய வேலைப்பாட்டிலிருந்து பிறந்தது அது. அசைவுகளைக் கவனித்துப் பார்: வலப்புறம் இருமுறை, இடப்புறம் இருமுறை மண்வெட்டியால் தோண்டுகிறார்கள், தோண்டியதைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போடுகிறார்கள், ஓர் அடி பின்வாங்கி நெற்றிக்கு மேல் கைவைத்து நிலவை நிமிர்ந்து பார்க்கிறார்கள், பிறகு கரிவண்டியைத் தள்ளிவிட்டுக் கைதட்டுகிறார்கள். சுரங்கத்துக்குள் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்களின் ஒரு நாள் முழுவதும் அந்தச் சில அசைவுகளில் இருக்கிறது. அந்தப் பாட்டில் பெயர் வரும் மியிக்கே நிலக்கரிச் சுரங்கம் 1997-இல் மூடப்பட்டுவிட்டது. அதைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் ஷா ஆலாமில் கரி தோண்டுகிறார்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய உன் பாட்டியின் கைவேலை இப்படி ஓர் ஆட்டமாகவில்லையே என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

2022-இல் முஸ்லிம்கள் இவ்விழாவுக்குப் போக வேண்டாமென்று மத விவகார அமைச்சர் சொன்னதும், சிலாங்கூர் சுல்தான் விழா நடக்கலாமென்று உத்தரவிட்டதும் உனக்கு நினைவிருக்கும். ஷா ஆலாமில் எந்த வழிபாடும் நடப்பதில்லை. ஆனால் ஜப்பானில் இந்த நடனத்துக்கும் முன்னோர் நினைவுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. பசிப்பேயாய்த் துன்புற்ற தாயை, துறவியருக்குத் தானமளித்து மீட்ட புத்தரின் சீடர் மொக்கல்லானர் மகிழ்ச்சியில் ஆடினார் என்பதே அங்கே வழங்கும் கதை. மேஜி பேரரசர் காலத்தில் (1868–1912), ஒழுங்கைக் கெடுக்கிறது என்று ஜப்பானிய அதிகாரிகளே பல மாநிலங்களில் இந்த நடனத்தைத் தடை செய்தார்கள். அதையும் தாண்டி நிலைத்ததைத்தான் 2022 நவம்பரில் யுனெஸ்கோ, ஃபூர்யூ ஒடோரி என்ற பெயரில் நாடெங்குமுள்ள 41 நடனங்களைச் சேர்த்துத் தன் பட்டியலில் ஏற்றியது. குஜோவும் அவற்றுள் ஒன்று.

குஜோவில் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகளில், ஒவ்வோர் இரவும் ஒரு தெருவிலோ திடலிலோ ஆடுகிறார்கள். ஆகஸ்ட் 13 முதல் 16 வரை விடியவிடிய ஆட்டம் நடக்கும். நீ அந்த நாள்களில்தான் போகிறாய். மொத்தம் பத்து நடனங்கள். அவற்றில் கவாசாகி நிதானமானது. ஹருகோமா குதிரையின் துள்ளலைக் கொண்டது, முதல்முறை ஆடுபவருக்கு மூச்சு வாங்கும். கெத்தா என்னும் மரச்செருப்பு தரையில் மோதும் ஓசையும் அங்கே தாளத்தில் சேர்த்தி. ஆகவே உன் ரப்பர் காலணியை அறையிலேயே விட்டுவிட்டு, அந்த ஊர்க் கடையிலேயே ஒரு சோடி வாங்கிக்கொள். நன்றாக ஆடுபவர்களை நடுவர்கள் கூட்டத்துக்குள்ளேயே அடையாளம் கண்டு சான்றிதழ் தரும் வழக்கமும் அங்கே உண்டு என்பதை, போட்டியென்றால் உனக்கு வரும் உற்சாகத்தை அறிந்தே எழுதுகிறேன்.

யுகாதா என்னும் கோடைக்கால ஆடையை உடுத்தினால் இடப்பக்கத் துணி மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. வட்டத்தில் வயதான உள்ளூர் அம்மா யாராவது ஆடினால் அவர் பின்னால் நின்றுகொள்; இளைஞர்கள் வேகத்தில் கையைச் சுருக்கிவிடுகிறார்கள். கடைசியாக வரும் மாட்சுசாகா நடனத்துக்கு ஷாமிசென் என்னும் நரம்புக் கருவியும் முரசும் இல்லை, மரக்கட்டையின் தட்டலும் பாட்டும்தான். அதுவரை இருந்துவிட்டு வா. ஆனால் தூக்கக் கலக்கத்தில் நீயே காரோட்டிக்கொண்டு திரும்பாமல் பேருந்தில் ஏறிக்கொள்.

அன்புடன்,
அம்மா