சில்லிட்ட கையில் நரம்புச் சோதனை

ஐயா,

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸில் வைத்த மீனை அரியும் என் தாயாருக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகவே, நரம்பில் மின்துடிப்பு செல்லும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனைக்குச் சென்றோம். ஏசி அறையில், சில்லிட்டிருந்த கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அளந்து, எல்லா நரம்புகளும் பழுது என்று எழுதித் தந்தார்கள். அம்மா அன்றிரவு சோறே உண்ணவில்லை. தோலின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தாலே உணர்வு நரம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் குறையும் என்பதால், கையை 32 டிகிரி வரையாவது சூடேற்றிய பின்பே அளக்க வேண்டும். வேறிடத்தில் வெந்நீரில் கையை வைத்திருந்து அளந்தபோது, சுண்டுவிரல் நரம்பு சரியாகவே இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் செல்லும், மணிக்கட்டில் அழுந்தும் மீடியன் நரம்பில் மட்டும் லேசான தாமதம். இரவில் மணிக்கட்டுப் பட்டை அணியச் சொன்னார்கள், அவ்வளவே. ஆகவே, சோதனை அறிக்கையில் கையின் வெப்பநிலையைக் குறிப்பதைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

- வாசகர், கடலூர் முதுநகர்