பரண்ல ஏத்தின ஆறு

அன்புள்ள சுடலை,

கடுதாசி கிடைச்சுது. இங்க எல்லாரும் சுகம். மதினிக்கு முழங்கால் வலி குறைஞ்சுதா?

"ஆள் படந்தான் சோறு போடுது, ஆத்தங்கரைப் படத்தையெல்லாம் பரண்ல ஏத்திட்டேன்"னு எழுதியிருக்க. ஏல, இதே புலம்பலை உனக்கு முன்னாடியே புலம்பினவரு இங்கிலாந்து ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ. 1727ல சட்பரியில பிறந்து, பாத், லண்டன்னு போயி பெரிய மனுசங்க முகமா வரைஞ்சு சம்பாதிச்சவரு. மனசு என்னமோ மரத்துலயும் மேட்டுலயுந்தான். வீட்டு நடையில இருந்து வரையுற அறை வரைக்கும் காடும் மேடுமா படங்க வரிசையா நிக்குமாம். முகம் வரையச் சொல்லி வந்தவங்க திரும்பிப் பாக்கிறதே அபூர்வமாம். அதுக்காக அவரு பரண்ல ஏத்தல.

ஆண்ட்ரூஸ் தம்பதி படத்தைப் பாரு, 1750 வாக்குல போட்டது. ரெண்டு பேரும் இடது பக்கம் ஒதுங்கிட்டாங்க. மிச்சமெல்லாம் கதிர்க்கட்டு, மரம், மேகம். துட்டு ஆளுக்கு, இடம் வயலுக்கு! அந்தம்மா மடியில கொஞ்சம் வரையாமலே கிடக்கு, அதையும் கவனி.

ஆத்துக்குப் போக நேரமில்லைங்கிறதெல்லாம் சாக்கு. அவரு மேசை மேலயே காடு பண்ணுவாரு: கரியும் தக்கையும் பாறை, ப்ராக்கோலி மரம், கண்ணாடித்துண்டு தண்ணி. நீ காலிஃபிளவரும் சுவத்துப் பாசியும் வச்சுக்க. விளக்கை ஒரு பக்கமா, தாழ வை. உச்சியில வச்சா நிழல் செத்துரும், மேடு பள்ளம் தெரியாது. காலிஃபிளவர் சீக்கிரம் வாடிரும், அதைப் பாத்து வரையிற மரத்தை முதல்ல முடி.

சாக்கட்டி உதிருதுன்னு கேட்டியே, அதுக்கும் 1773ல நண்பருக்கு எழுதின கடுதாசியில வழி சொல்லியிருக்காரு. வெள்ளையை முதல்ல போட்டு, தாளை ஆடை எடுத்த பால்ல முக்கி, ஈரத்தோட சட்டத்துல இழுத்துக் கட்டணும். காஞ்சதும் திருத்தி, லேசா வண்ணம் விடணும். பிறவு பிசின் தண்ணி மூணு பூச்சு, ஒவ்வொண்ணும் காஞ்சப்புறம்; கடைசியா வார்னிஷ் மூணு. பாலைத் தட்டுல ஊத்தித் தாளைச் சரிச்சு இறக்கு. பிரஷ்ஷால தடவுனா வெள்ளை இழுவிரும். எருமைப்பால்னா ஆடையை நல்லா வழிச்சுரு, கொழுப்பு நின்னா எண்ணெய்க்கறை விழும். பொடியைப் பிடிச்சு வைக்கிறது பால்ல உள்ள புரதந்தான். அவரு போட்டது ஈய வெள்ளை, விஷம். நீ டைட்டானியம் வெள்ளை போடு. சாரல் மாசத்துல வேண்டாம், தாள் காயாம பூஞ்சை புடிச்சிரும்.

விளையாட்டுப் பேச்சு கிடக்கட்டும். படத்தை உயரத்துல மாட்டுறாங்கன்னு 1784ல லண்டன்ல கண்காட்சி நடத்துற ராயல் அகாடமியோடயே சண்டை போட்டு, அங்க வைக்கிறதை விட்டாரு அந்த மனுசன். வரையிறதை விடல. உன் படத்தை ஒருத்தர் வாங்கலன்னதும் நீ தூரிகையையே கீழ வைக்கிற. எனக்கு அதுதான் பொறுக்கல.

பேட்டைக்காரர் ஆச்சி படத்துக்கு முன்பணம் தந்தாரா? தந்தா, ஆச்சிக்குப் பின்னாடி கேக்காமலே ஒரு மருத மரமும் ஆத்துத் திருப்பமும் போட்டுக் குடு. என்ன சொல்றாருன்னு எழுது.

உன்,
கணேசன்